ஐந்தாம் பண்பின் பெயர்

உங்களைப் பற்றி ஓர் எண்ணை நீட்டி, "நீங்கள் மட்டம்" என்று ஒருவர் சொன்னால், அந்த எண் உங்களைத்தான் எண்ணியதா என்று கேட்பீர்களா, இல்லை தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவீர்களா? அவசரப்பட்டு வீரம் பேச வேண்டாம். பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணிலிருந்து அலுவலகத்து வேலைத்திறன் அறிக்கை வரை, நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போனவர்கள்தாம். எண் என்றால் நமக்கு ஒரு பயபக்தி. சாமியைக்கூடக் கேள்வி கேட்டுவிடுவோம். தசமப் புள்ளி வைத்த எண்ணைக் கேட்க மாட்டோம்.

பெங் ஷூயுன் கேட்கிற ரகம். அதற்காக அவளைப் பெரிய போராளி என்று நினைத்துவிடக் கூடாது. சின்ச்சு நகரத்தில் ஒரு பெருங்கணினி மையத்தில் பயனர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கும், ஐம்பது தாண்டிய ஹக்கா இனத்துப் பெண். கணவன் கூ பள்ளிக்கூடங்களுக்கு ஏசி பழுது பார்ப்பவன். சாயங்காலமானால் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துப் பழைய பாட்டுகளைக் கொலை செய்பவன். மகள் காவ்சியுங்கில் பல் மருத்துவம் படிக்கிறாள். வாழ்க்கையில் ஷூயுனுக்கு இருந்த ஒரே நிரந்தர எதிரி சின்ச்சுவின் காற்று. காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் அது எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சாயங்காலம் திரும்பும்போதும் எதிரேதான் வரும். இது எப்படிச் சாத்தியம் என்று அவள் பல வருடங்களாக யோசித்து வந்தாள்.

போகிற வழியில் ஒரு காலையுணவுக் கடை. முட்டை அடையும் சோயாப் பாலும் வாங்குவாள்.

"வா அழகி, எப்பவும்போலவா?" என்பாள் கடைக்காரி.

"இந்த வயசுல என்னை அழகின்னு கூப்பிடறது உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"வர்றவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறேன். ரொம்பப் பூரிச்சுப் போயிடாதே."

அந்தச் சிரிப்போடு வேலைக்குப் போவாள். வேலையும் அவளுக்குப் பிடித்த வேலை. செயலிகளின் கையேட்டைப் பொழுதுபோக்காகப் படிக்கிற ஆட்கள் உலகத்தில் சிலர் உண்டு. அவர்களில் அவளும் ஒருத்தி.

கணினியின் மூளையான செயலிக்குள் சில எண்ணிகள் இருக்கின்றன. பேருந்து நடத்துநர் கையில் இருக்கும் டிக்கெட் எண்ணியைப் போல, ஒன்று நடந்தால் ஒன்று கூட்டும். அதற்கு மேல் அறிவு கிடையாது. எதை எண்ண வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான நிகழ்வுகள் உண்டு, ஒவ்வொரு நிகழ்வுக்கும் பல பண்புகள் உண்டு: பயனர் நிரல் செய்ததை மட்டும் எண்ணவா, இயங்குதளம் செய்ததையும் சேர்க்கவா, படித்ததை எண்ணவா, எழுதியதை எண்ணவா. இதையெல்லாம் செயலியிடம் நேரே பேச முடியாது. நடுவில் ஒரு நிரல் நூலகம் இருக்கிறது. அதனிடம் கேட்கலாம்: இந்த நிகழ்வுக்கு எத்தனை பண்பு? முதல் பண்பின் பெயர் என்ன? பொருள் என்ன? நான் ஒன்றும் சொல்லாவிட்டால் நீயாக எதை வைத்துக்கொள்வாய்? கேட்டதற்கெல்லாம் நூலகம் பொறுமையாகப் பதில் சொல்லும். கேட்காதவருக்கு ஒன்றும் சொல்லாது.

ஷூயுன் எந்த நிகழ்வைப் பயன்படுத்தினாலும் முதலில் அதன் பண்புகளை ஒன்றுவிடாமல் கேட்டு, திரையில் வந்ததை வாய்விட்டுப் படிப்பாள். "பொண்ணு பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் கண்டுகொண்டதில்லை.

அந்த மையத்தில் மாதாமாதம் ஒரு தரவரிசை வரும். செயலி தன் கைக்கெட்டும் தூரத்தில் கொஞ்சம் நினைவகம் வைத்திருக்கும். தேடியது அங்கே இல்லாவிட்டால் தூரத்துப் பெரிய நினைவகத்துக்கு ஓடும். மையத்தில் இதற்கு 'வீண் ஓட்டம்' என்று பெயர். எந்த நிரல் மணிக்கு எத்தனை வீண் ஓட்டம் ஓடுகிறது என்று ஒரு கருவி எண்ணிச் சொல்லும். மூன்று மாதம் தொடர்ந்து கடைசி இடத்தில் கிடந்தால், அந்த நிரலுக்கு முன்வரிசை போய்விடும். பொதுவரிசையில் நின்று, முறை வரும்போது ஓட வேண்டியதுதான். பார்க்க நியாயமான ஏற்பாடுபோலத்தான் இருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு மதியம், மாயாவ் அவள் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். ஹுவாலியனில் மலைச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும், அமிஸ் என்ற பழங்குடி இனத்து ஆள். வயது முப்பத்தைந்து இருக்கும். வாரத்தில் சில நாள் ரயிலேறி மையத்துக்கு வந்து, விருந்தினர் மூலையில் உட்கார்ந்து வேலை செய்வான். மலையில் பெய்கிற மழையை வைத்து, அடுத்த சில மணி நேரத்தில் எந்தச் சரிவு இளகும் என்று சொல்வது அவனுடைய நிரல்.

"யுன் அக்கா, என் நிரலைக் கொஞ்சம் திட்டுங்களேன்."

"ஏன், பாராட்டு ரொம்ப வந்து குவிஞ்சிடுச்சா?"

"குவிஞ்சுது. மூணாவது மாசமா கடைசி இடம். வர்ற வியாழக்கிழமை குழு கூடுது. முன்வரிசையைப் பிடுங்கிடுவாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷூயுன் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் விஷயத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சூறாவளி வரும்போது பொதுவரிசையில் நின்றால், அவன் நிரல் சொல்கிற எச்சரிக்கை மழைக்கு முன்னால் வராது. மண் விழுந்த பிறகு வரும். அவனுடைய அம்மா இருக்கிற ஊரே அப்படிப்பட்ட ஒரு சரிவின் அடியில்தான் இருக்கிறது.

"சரிபண்ணிப் பார்த்தியா?"

"பார்த்தியாவா? முழுசாவே திருப்பி எழுதிட்டேன் அக்கா. எழுதினதுக்கு அப்புறம் எண்ணு இன்னும் ஏறிடுச்சு. இயந்திர அறையில என்ன சொல்றாங்க தெரியுமா? மலைக்காரன் எழுதின நிரலாம், அதான் ஏறி ஏறி இறங்குதாம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் கடற்கரைக்காரன்யா, மலை எங்க வீட்டுக்குப் பின்னாடி நிக்குது, அவ்வளவுதான்னு சொன்னேன். சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா அக்கா, எனக்கே இப்ப சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை எனக்கு நிரல் எழுத வரலியோ?"

அந்தக் கேள்விதான் ஷூயுனுக்குச் சுருக்கென்றது. மாதாமாதம் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போனவள்தான் அவளும். ஓர் எண் ஒரு மனிதனை மட்டம் என்கிறது. அவனை ஏற்கெனவே மட்டமாக நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வசதியாகப் போகிறது. கடைசியில் அவனே தன்னை மட்டம் என்று ஒப்புக்கொள்கிறான். சாதி, இனம், பிறப்பு என்று சொல்லி முன்பு செய்ததை இன்று வரைபடம் போட்டுச் செய்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், வரைபடத்துக்கு வண்ணம் இருக்கிறது.

"நிரலைக் காட்டு," என்றாள்.

சாயங்காலம் வரை படித்தாள். மாயாவ் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்தாவுக்கு வந்தவனைப் போல் நகம் கடித்துக்கொண்டிருந்தான். இரண்டு இடத்தில் அவள் முகம் சுளித்தாள், அதைத் திருத்தினார்கள். அதனால் பெரிதாக ஒன்றும் மாறாது என்று இருவருக்குமே தெரிந்தது.

"உன் நிரல்ல தப்பே இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் ஷூயுன். "இவ்வளவு தப்புக்கு இதுல இடம் இல்லைன்னு சொல்றேன்."

"அப்ப எண்ணு?"

"எண்ணைப் போய்க் கேட்போம்."

மறுநாள் சோதனையைத் தொடங்கினார்கள். செயலிக்குள் 'கோர்' என்னும் கணக்குப் போடும் பகுதிகள் பல இருக்கின்றன. ஒரு கோரை, இரண்டு அறையும் ஒரே சமையலறையும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்களின் பெரிய நிரல்கள் வீட்டையே மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஓர் அறையில் குடியிருந்து, மற்றதைப் பூட்டிப் போட்டுவிடும். மாயாவ் நிரலைப் போன்ற சின்ன நிரல்களை, இடம் வீணாகக் கூடாது என்று, அறைக்கு ஒன்றாக மையம் அடைத்து வைக்கும். எந்த ஊர் வீட்டுக்காரரும் செய்கிற காரியம்தான்.

ஷூயுன் மாயாவின் நிரலைத் தனி வீட்டில் குடி வைத்தாள். வீண் ஓட்டம் மளமளவென்று இறங்கியது.

மாயாவ் எழுந்தே விட்டான். "அக்கா! நான் ஒண்ணுமே மாத்தலையே!"

"உட்காரு. இன்னும் ஒண்ணும் தெரியலை."

"இதுக்கு மேல என்ன தெரியணும்? பக்கத்து அறைக்காரன் பண்றதுக்கு நான் அடி வாங்கறேன்!"

"சமையலறை ஒண்ணுதானே? அவன் அடுப்பை ஆக்கிரமிச்சுக்கிட்டா உனக்கு நிஜமாவே ஓட்டம் கூடும். அப்ப அது உன் ஓட்டம்தான். கருவி தப்பா எண்ணுச்சுன்னு ஆகாது. நமக்குச் சாதகமா வந்துடுச்சுன்னு உடனே நம்பினா, அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

மாயாவ் உட்கார்ந்தான். இந்த அம்மாவிடம் அழக்கூட ஆதாரம் வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்திருப்பான்.

அவள் கொஞ்ச நேரம் சன்னல் வழியாகக் காற்று மரங்களை வதைப்பதைப் பார்த்தாள். பிறகு ஒரு நிரல் எழுதினாள். சில வரிகள்தான். நினைவகத்தின் பக்கமே போகாது. இருந்த இடத்தில் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும். அது ஓட வேண்டிய வீண் ஓட்டம் ஏறக்குறைய பூஜ்யம். அதற்குச் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தாள். நினைவகத்தைப் போட்டுப் புரட்டியெடுக்கும் ஒரு நிரலைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்து அறையில் சோம்பேறியைக் குடி வைத்து, மையத்தின் கருவியை ஓடவிட்டாள்.

கருவி எண்ணி முடித்து வரிசையைக் காட்டியது. கடைசி இடத்தில் சோம்பேறி. அதற்கு மேலேதான் மாயாவ்.

மாயாவ் திரையை வெறித்துப் பார்த்தான். "ஒண்ணுமே செய்யாதவன் என்னைவிட மோசமா வேலை செய்யறானா?"

"உனக்குப் பதவி உயர்வு, தம்பி."

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இனிமேல் ஊகிக்க ஒன்றுமில்லை. கருவியைத் திறக்க வேண்டியதுதான். திறந்தாள். வீண் ஓட்ட நிகழ்வைக் கேட்டு வாங்கிய பிறகு, அதில் ஒரு வரி: ஐந்தாம் பண்பை இயக்கு. பண்பின் பெயர் இல்லை, வெறும் இடம். நாடக அரங்கில் ஐந்தாம் நாற்காலியில் இருப்பவரை மேடைக்குக் கூப்பிடு என்று சொல்வதைப்போல. அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கும் வழக்கமே கிடையாது.

ஷூயுன் நூலகத்திடம் பழைய வழக்கப்படி கேட்டாள். முதல் பண்பு, பெயர், பொருள். இரண்டாவது, மூன்றாவது. வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனாள். ஐந்தாவது வந்தது: 'கோரின் இரண்டு பாதியிலும் நடப்பதைச் சேர்த்து எண்ணு.'

பயிற்சி அறையில் பழைய இயந்திரத்தின் ஒரு துண்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் போய் அதே கேள்வியைக் கேட்டாள். அங்கே ஐந்தாவது: 'பயனர் நிரலை மட்டும் எண்ணு.' புதிய செயலி வந்தபோது பண்புகளின் பட்டியலும் மாறி, ஆட்கள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டிருந்தால், சரியான ஆள் எங்கிருந்தாலும் வந்திருப்பார். இடம் சொல்லிக் கேட்டதால், யாரோ வந்து நின்றார். நூலகம் பிழை என்று கத்தவில்லை. ஏன் கத்த வேண்டும்? ஐந்தாவதைக் கேட்டார்கள், ஐந்தாவதைக் கொடுத்தது.

பெரிய நிரல்களுக்கு இதனால் ஒரு கீறலும் இல்லை. அவர்களுடைய பக்கத்து அறை பூட்டிக் கிடந்தது. இரண்டாவது அறையில் ஆள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் அடுத்தவன் கணக்கும் சேர்ந்து விழுந்தது. பெரியவர்களுக்கு வலிக்காத பிழை எத்தனை வருடமானாலும் பிழை என்று கண்டுபிடிக்கப்படாது. இது கணினிக்கு மட்டும் உள்ள குணம் இல்லை.

கருவியை எழுதியவர் தலைவர் ஜுவாங். இன்று மையத்தின் செயல்பாட்டுப் பிரிவுக்குத் தலைவர். அன்று இளைஞராக, பழைய இயந்திரத்துக்காக எழுதியது. அன்று அது சரியாகவே இருந்தது. அவர் கெட்டவரும் இல்லை. எல்லோருக்கும் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுக்கிற மனிதர். ஒரே ஒரு குணம், இயந்திரங்கள் விஷயத்தில் எந்தச் சடங்கையும் விட மாட்டார். ஒவ்வொரு அடுக்கின் தலையிலும் தேங்காய்ச் சுவை நொறுக்குத்தீனியின் பச்சைப் பை ஒன்று உட்கார்ந்திருக்கும். 'சமர்த்தாக இரு' என்பதுதான் அந்தத் தீனியின் பெயரே. பச்சையைத் தவிர வேறு நிறம் கூடாது. காலாவதியாகிவிட்டால் இயந்திரம் படுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு பையின் தேதியையும் மாதாமாதம் ஒருவர் ஏணி வைத்து ஏறிச் சரிபார்ப்பார். படித்தவர்கள், பொறியாளர்கள், முனைவர்கள் பை மாற்றினார்கள். ஐந்தாம் பண்பு என்னவென்று பார்க்க ஏணிகூடத் தேவையில்லை, பார்த்தவர்தான் இல்லை.

ஷூயுன் அவரைத் தேடிப் போன செவ்வாய்க்கிழமை, பசித்த ஆவிகளுக்குப் படையல் போடும் நாளாக அமைந்தது. வாசலில் நீள மேசை போட்டு, உடனடி நூடுல்ஸ், பிஸ்கட், குளிர்பானம், அன்னாசிப் பழம் எல்லாம் மலையாகக் குவித்திருந்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு ஊதுவத்தி நட்டிருந்தது. காற்று சாம்பலைக் கிளப்பி எல்லோர் கண்ணிலும் போட்டது. ஜுவாங் மூன்று ஊதுவத்தியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, ஒரு நிமிஷம் பேசணும்."

"ஆவிங்க சாப்பிட்டு முடிக்கட்டும், ஷூயுன்."

"அவங்க மெதுவாச் சாப்பிடட்டும். இது வியாழக்கிழமை விஷயம்."

மடிக்கணினியை அன்னாசிக்கும் நூடுல்சுக்கும் நடுவில் வைத்துத் திறந்து, வரிசையைக் காட்டினாள். ஜுவாங் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"சோம்பேறியா? யாரோட நிரல் இது? கடைசி இடத்துக்கும் கடைசி!"

"என்னோடது."

"நீ எழுதியா இவ்வளவு மோசம்? என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலை."

"ஒண்ணும்னா?"

"ஒண்ணும்னா ஒண்ணும்தான் தலைவரே. நம்ம அலுவலகத்துல சில பேர் மாதிரி."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. அவரும் நிரல் எழுதியவர்தானே. கணக்கு அவருக்குள் ஓடி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. "இரண்டு பாதியும் சேருதா?" என்று கேட்டார்.

"ஐந்தாம் இடத்துல அதுதான் உட்கார்ந்திருக்கு. பழசுல வேற ஆள்."

ஊதுவத்தி அவர் விரல் வரை எரிந்து வந்ததைக் கவனிக்காமல் நின்றார். சுட்ட பிறகு உதறினார். "புது இயந்திரம் வந்ததுல இருந்து இந்த எண்ணுதான் தைபேயில இருக்கற மேலிடத்துக்குப் போயிட்டிருக்கு," என்றார் சன்னமான குரலில். "ஷூயுன், அடுத்த மாசத்துல இருந்து சரியா எண்ணிடுவோம். பழசை ஏன் கிளறணும்?"

"வியாழக்கிழமை குழு எதைப் பார்த்து முடிவு பண்ணும்? பழசைத்தானே?"

"ஒரு சின்ன நிரல். அடுத்த பருவத்துக்குத் திரும்ப விண்ணப்பிக்கட்டும். நானே பரிந்துரை எழுதித் தர்றேன்."

ஷூயுனுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இன்னும் தெளிவாகும். "சூறாவளி அடுத்த பருவத்துக்குத் தள்ளி வருமா தலைவரே? அவன் ஊர்க்காரங்ககிட்ட, கொஞ்சம் பொறுங்க, எங்க தலைவருக்கு முகம் வாடிடும்னு சொல்லட்டுமா?"

சுற்றி நின்றவர்கள் அன்னாசியை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

"நீ குழுவுல சொல்லப் போறியா?" என்று கேட்டார் ஜுவாங்.

"சொல்லத்தான் போறேன். ஆனா நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா அது திருத்தம். எது வேணும்னு நீங்களே பாருங்க." மடிக்கணினியை மூடினாள். "அப்புறம், அந்த நூடுல்சை ஆவிங்க விட்டு வச்சா எனக்கு ரெண்டு பொட்டலம். காரம் உள்ளது."

வீட்டுக்கு வந்து கூவிடம் சொன்னாள். அவன் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டான். "தலைவரையே மிரட்டிட்டு வந்தியா? வேலை போச்சுன்னா?"

"உன் கூட ஏசி கழட்ட வர்றேன்."

"வேண்டாம் தாயே. ஒவ்வொரு திருகாணியையும் பேர் கேட்டுக்கிட்டு நிப்பே. ஸ்கூல் லீவு முடிஞ்சிடும்."

வியாழக்கிழமை கூட்டத்தில் ஷூயுன் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். மாயாவ் அவள் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில், கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தான். ஜுவாங் எழுந்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. பேசுவாரா மாட்டாரா என்று அவளுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. தன்னுடைய தாள்களை மடியில் தயாராக வைத்திருந்தாள்.

"நிகழ்ச்சி நிரல்ல முதல் விஷயத்துக்கு முன்னாடி ஒண்ணு," என்றார் ஜுவாங். "நம்ம மையத்துலேயே மோசமான நிரல் எதுன்னு கண்டுபிடிச்சிருக்கோம். அது ஒண்ணுமே செய்யறதில்லை."

முதலில் சிரித்தார்கள். அவர் சோம்பேறியின் வரிசையைத் திரையில் போட்டு, ஐந்தாம் இடத்தின் கதையைச் சொன்னார். "இந்த வரியை எழுதினது நான்," என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் தொடர்ந்தார். புது இயந்திரம் வந்த நாளிலிருந்து வந்த எல்லா வரிசைகளையும் திரும்பப் பெறுகிறேன் என்றார். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்திருந்த பேராசிரியர், "எங்க எண்ணு மாறுமா?" என்று கேட்டார். "உங்களுக்கு மாறாது," என்றார் ஜுவாங். "அதனாலதான் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியலை."

தன் எண் பத்திரம் என்று தெரிந்ததும் பேராசிரியருக்கு நியாய உணர்வு பெருக்கெடுத்து, மாயாவின் முன்வரிசை தொடரலாமா என்று வாக்குக்கு விட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். எப்படியோ, கை தூக்கினாரே. மாயாவுக்கு முன்வரிசை நிலைத்தது.

வெளியே வந்ததும் மாயாவ் விறுவிறுவென்று முன்னால் நடந்தான். தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். பிறகு திரும்பி, "அக்கா, என் நிரல்ல நீங்க முகம் சுளிச்ச அந்த ரெண்டு இடம் இருக்கே, அதை இன்னும் நல்லா எழுதலாம்னு தோணுது," என்றான்.

"எழுது. இப்ப உன் தப்பு உன்னோடது. நிம்மதியாத் திருத்தலாம்."

அடுத்த வாரம் அவனுடைய ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உப்புப் பன்றிக்கறியும் பெயர் தெரியாத காட்டுக்கீரையும். கீரையின் பெயரைக் கேட்டு அவள் அவனுக்குத் தொலைபேசினாள் என்பதை அவளை அறிந்தவர்கள் எளிதில் நம்புவார்கள்.

கருவியை ஷூயுனும் ஜுவாங்கும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றினார்கள். இப்போது அது நூலகத்திடம் பெயர் சொல்லித்தான் கேட்கிறது. கேட்ட பெயர் இல்லாவிட்டால் எண்ண மறுத்து நின்றுவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில், எதை எண்ணியது, எதை விட்டது என்று முழு வாக்கியத்தில் எழுதும். பச்சைப் பைகள் அப்படியே இருக்கின்றன. ஷூயுன் அதில் தலையிடவில்லை. காலாவதி நெருங்கினால் ஒன்றை இறக்கித் தின்பதோடு சரி.

ஒரு வேலை பாக்கி இருந்தது. மாயாவுக்கு முன்னால், அதே வரிசையால் இரண்டு பேர் முன்வரிசையை இழந்து மையத்தை விட்டே போயிருந்தார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்றார்கள் மையத்தில் மற்றவர்கள். ஷூயுன் ஜுவாங்கின் மேசைக்குத் தொலைபேசியை நகர்த்தி வைத்தாள். அவர் பெருமூச்சு விட்டுக் கூப்பிட்டார்.

முதலாமவர் பெங்ஹு தீவில் மீன்வளம் கணிக்கும் ஒருவர். விஷயத்தைக் கேட்டதும் உள்ளூர் மொழியில் நன்றாகத் திட்டிவிட்டு, "சரி, கணக்கு எண் இன்னும் இருக்கா? நாளைக்கே ஓட விடறேன்," என்றார். ஜுவாங் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

இரண்டாவது ஒரு பெண். ஹோங் பாவ்-ச்சு என்று பெயர். சிறிய கல்லூரி ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தவள். அவள் குரல் மரியாதையாக இருந்தது. பின்னணியில் கடைவீதிச் சத்தம் கேட்டது.

"நான் அதை விட்டுட்டேங்க. இப்ப அண்ணனோட கடையில இருக்கேன்."

"மறுபடி தொடங்கணும்னா எந்த உதவின்னாலும்…" என்று தொடங்கினார் ஜுவாங்.

"நன்றிங்க." பிறகு கேட்டாள்: "அப்ப அந்த எண்ணு என்னோடது இல்லையா?"

"இல்லைம்மா. உங்களோடது நல்லாத்தான் இருந்தது."

"இதை யாராச்சும் அப்பவே சொல்லியிருக்கலாம்," என்றாள். குறை சொல்கிற தொனிகூட இல்லை. வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று சொல்லி, வணக்கம் சொல்லி வைத்துவிட்டாள். பிறகு ஒரு நாள் அவளே மையத்துக்கு எழுதி, தன் பழைய கோப்புகள் இருக்கின்றனவா என்று கேட்டாள். இருந்தன; ஷூயுன் அனுப்பினாள். அதை வைத்து அவள் என்ன செய்கிறாள் என்று இன்றுவரை தெரியாது.

ஷூயுன் இப்போதும் எதிர்காற்றில்தான் வேலைக்குப் போகிறாள். அழகி என்று கூப்பிட்டால் இப்போதும் பூரித்துப்போகிறாள். அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. வேலை உங்களுக்குத்தான் இருக்கிறது. பள்ளியோ, வங்கியோ, தொழிற்சாலையோ, மனிதர்களை எண்ணால் தரம் பிரிக்கிற ஏதாவது ஒரு கருவி உங்கள் பொறுப்பில் இருந்தால், அது எதை எண்ணுகிறது என்று நாளைக் காலையில் முதல் வேலையாக அதனிடமே பெயர் பெயராகக் கேளுங்கள். தவறு தெரிந்தால், அது வெளியே தள்ளியவர்களை மின்னஞ்சலில் தேடாதீர்கள். தொலைபேசியை எடுத்து, உங்கள் வாயாலேயே, "அந்த எண் உங்களுடையது இல்லை" என்று சொல்லுங்கள்.